பாலத்தில் நின்ற பாம்பு

அந்த விளையாட்டை நீங்களும் ஆடியிருந்தால் பாலத்தில் நிற்கிற பாம்பை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பையன் வாளை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவான். ஊர் ஊராகப் போவான். வழியில் மூன்று பேர் அவனோடு சேர்ந்துகொள்வார்கள். முதல் ஊரைத் தாண்டினால் ஒரு ஆறு, ஆற்றின் மேல் மரப்பாலம், பாலத்தின் நடுவில் படமெடுத்தபடி பச்சைப் பாம்பு. அதைக் கொன்றால்தான் அடுத்த ஊர். விளையாட்டின் பெயர் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. எங்கள் கையில் கிடைத்ததில் எல்லாமே ஜப்பான் எழுத்து. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷில் இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

இப்போது அதையே போனில் இறக்கி ஆடுகிறேன். அண்ணன் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. நூல் சுற்றுகிற மிஷினை நிறுத்திவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்தால், இந்த வயசில் என்ன பொம்மை வேண்டிக்கிடக்கிறது என்று அம்மா கேட்கிறாள். நான் பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்பது வயதில் நான் ஒன்றைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லவில்லை. அண்ணன் போன பிறகாவது சொல்லியிருக்கலாம், அப்போதும் பயந்தேன். இப்போது அண்ணனின் மகளுக்கு நாலு வயது. அவளுக்காகச் சொல்லியே ஆக வேண்டும் என்கிற இடத்தில் வந்து நின்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அது கரண்டு போகிற காலம். நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா தறி ஓட்டுகிற கூடம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில். பன்னிரண்டு தறியும் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதை வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கரண்டு போனதும் எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். அந்த அமைதியில் காது வலிக்கும். தறிக்காரர்கள் டீக்குப் போய்விடுவார்கள். அண்ணனும் நானும் சுவரோரத் தறிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வோம். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருக்கும். தலைக்கு மேல் பாதி நெய்த சேலை, அதில் கஞ்சி வாசம்.

விளையாட்டுப் பெட்டி அண்ணனோடு படித்த கடையநல்லூர்ப் பையனுடையது. அவனுடைய வாப்பா சவுதியில் இருந்தார். புதிதாக ஒன்று வந்ததும் பழையதை, ஆடி மாதம் வரைக்கும் வைத்துக்கொள் என்று அண்ணனிடம் கொடுத்திருந்தான். உள்ளங்கை அளவுதான் இருக்கும். புத்தகம் மாதிரித் திறக்க வேண்டும். பஞ்சுத் தூசி பட்டன் இடுக்கெல்லாம் போய் அடைத்துக்கொள்ளும், அண்ணன் ஊக்கு வைத்து நோண்டி எடுப்பான்.

எழுத்துத் தெரியாததால் கதையை நாங்களே வைத்துக்கொண்டோம். வாள் வைத்திருக்கிற பையன் அண்ணன். வெள்ளை அங்கி போட்ட பெண் நான். அவள் கையைத் தூக்கினால் அடிபட்டவர்களுக்கு உயிர் ஏறும். தடியாக இருந்தவன் அப்பா. கோபக்காரக் கிழவி எங்கள் அத்தை, அவள் வாயைத் திறந்தால் நெருப்பு வரும். அத்தைக்கு இது கடைசிவரை தெரியாது.

பாம்பிடம் வந்து நின்றுவிட்டோம். அடிக்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். சங்கரன்கோவிலில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் பாம்பு வந்தால், கோவில் வாசலில் தகட்டில் செய்த பாம்பு உருவம் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வருகிற ஊர். புற்றுமண்ணைக் கரைத்து நெற்றியில் இட்டுக்கொள்கிற ஊர். அடித்தோம் என்று ஒருவரும் வெளியில் சொல்ல மாட்டார்கள்.

கடையநல்லூர்ப் பையன் ஒரு நாள் வந்து பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏலே, ஒரு மாசமா முத ஊர்லயே சுத்திக்கிட்டு இருக்கியா? பாம்பக் கொல்லாம பாலத்தத் தாண்ட முடியாதுலே.”

“எங்க ஊர்ல உக்காந்துகிட்டு பாம்பக் கொல்லச் சொல்லுதியே, உனக்கே நல்லாருக்கா?” என்றான் அண்ணன்.

“பொம்மப் பாம்புக்கு என்னலே தோஷம்?”

“அப்ப கோவில்ல இருக்கது மட்டும் என்ன, ஊருதா?”

நான் சிரித்துப் புரண்டேன். அதன் பிறகு கொல்லாமல் கடக்க என்ன வழி என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். பையில் இருந்த பொருளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாம்புக்குக் கொடுத்தோம். இலை, கல், மணி. பால் புட்டி மாதிரி ஒன்று இருந்தது. “நாகத்துக்குப் பால்தான்லே” என்று அண்ணன் பெருமையாகக் கொடுத்தான். பாம்புக்கு உயிர் கூடியது. எங்கள் நாலு பேரையும் அடித்துச் சாய்த்துவிட்டது.

விளையாட்டில் அந்த முதல் ஊருக்கு வெளியே காட்டில் ஒரு தவளை உண்டு. அது புகை ஊதும். புகை பட்டவர் சாம்பல் நிறமாகி அப்படியே நின்றுவிடுவார். மூன்று அடி வாங்கிய பிறகு தானாக நிறம் திரும்பும். அதற்கு நாங்கள் கல் என்று பெயர் வைத்திருந்தோம். “அப்பா கல்லாயிட்டாரு, விடு, மூணு எண்ணு” என்போம்.

ஒரு நாள் மத்தியானம் தறிக்குக் கீழே படுத்திருந்தோம். அண்ணன் கையில் பெட்டி. திரையில் பையன் ஒரு சுவரில் முட்டி முட்டி நடந்துகொண்டே இருந்தான்.

“அண்ணே, சுவத்துல முட்டுதான் பாரு.”

அண்ணன் பேசவில்லை. கட்டைவிரல் பட்டனை அமுக்கியபடி இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் திரையைப் பார்க்கவில்லை. வாயில் ஒன்றும் இல்லாமலே மெதுவாக மென்றுகொண்டிருந்தான். நான் அவன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். எண்ணினேன். ஒன்று. ரெண்டு. மூன்று.

“என்னட்டி?” என்றான், எதுவுமே நடக்காத மாதிரி.

“நீ கல்லாயிட்டே.”

சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. “பள்ளிக்கூடத்துலயும் பயலுக இப்படித்தான் சொல்லுதானுவ. அம்மாட்ட சொல்லிராதட்டி. இந்தப் பெட்டியாலதான்னு புடுங்கிருவாங்க.”

சத்தியம் வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு நான் விளையாட்டைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள் ரெண்டு முறை வரும். சில வாரம் வராது. அடிகுழாயில் தண்ணீர் அடிக்கும்போது வரும், கை அந்தரத்தில் நிற்கும். தெருவைக் கடக்கும்போது வந்தால் என்ன செய்வது என்று பயந்து, அவன் கடைக்குப் போனாலும் கூடவே போவேன். வால் மாதிரி ஒட்டிக்கிட்டு அலையுதா என்று அம்மா திட்டுவாள்.

தவளைதான் காரணம் என்று நான் முடிவு செய்திருந்தேன். மாதக்கணக்கில் அந்தத் தவளைக் காட்டுப் பக்கத்திலேயே சுற்றுகிறோம், புகை எப்படியோ வெளியில் வந்து இவன்மேல் படுகிறது. பாலத்தைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டால் தவளை கிடையாது. கல்லும் கிடையாது. ஒன்பது வயதில் இது எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், அண்ணன் மாவு திரிக்க மில்லுக்குப் போயிருந்தான். எனக்குக் காலில் முள் குத்தி வீங்கியிருந்ததால் கூடப் போக முடியவில்லை. கரண்டு போனதும் தறிக்குக் கீழே தனியாகப் பெட்டியைத் திறந்தேன். பாலத்துக்குப் போனேன். வாய்க்குள்ளே சங்கரா, கோமதி என்று சொல்லிக்கொண்டே அடி என்கிற பட்டனை அமுக்கினேன்.

மாதக்கணக்கில் காட்டில் சண்டை போட்டுப் போட்டு நாங்கள் மலை மாதிரி வளர்ந்திருந்தோம். நாலே அடி. பாம்பு மெதுவாக மங்கி, கோடு கோடாகி, இல்லாமல் போனது. ஒரு சந்தோஷப் பாட்டு வந்தது. பாலம் காலியாக இருந்தது.

அப்போது கரண்டு வந்தது. பன்னிரண்டு தறியும் ஒன்றாக எழுந்தன. வாசலில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. வெளியே வந்தேன்.

அண்ணன் கூடத்து வாசலில் கிடந்தான். மாவுத் தூக்கு கவிழ்ந்து, மாவு அவன் தலையிலும் சட்டையிலும் கொட்டியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை, அந்த நுரையில் மாவு ஒட்டியிருந்தது. உடம்பெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தான். நான் எண்ணினேன். மூன்று வந்தது. பத்து வந்தது. எனக்கு நூறு வரைக்கும் தெரியும். எழுபது தாண்டியது.

“கையில சாவியக் குடுங்கலே!” என்று ஒரு தறிக்காரர் கத்தினார். இன்னொருவர், “வலிப்புல்லா இது” என்றார்.

அம்மா அவர் மேல் பாய்ந்தாள். “வலிப்பெல்லாம் ஒண்ணுமில்ல. வெயில்ல போனான், கிறங்கி விழுந்துட்டான். வாய்க்கு வந்தத சொல்லாதிய அண்ணாச்சி.”

சாயந்தரம் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். என்னால் தாங்க முடியவில்லை.

“அம்மா, நான் பாம்பக் கொன்னுட்டேன்.”

அப்பா துள்ளி எழுந்து கம்பை எடுத்தார். “எங்கன கிடக்கு? தறிக்கு அடியிலயா? கடிச்சிச்சாட்டி?”

நான் பெட்டியைத் திறந்து நீட்டினேன். காலியான பாலம். அப்பா ரெண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார். கம்பை மூலையில் சாத்திவிட்டுச் சிரித்தேவிட்டார். “போட்டீ, கூறுகெட்டவளே. உசிரு போயி உசிரு வந்திச்சு.”

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“எப்போட்டி கொன்னே?”

“மத்தியானம்.”

“அவன் விழுறதுக்கு முன்னாலயா, பெறவா?”

“முன்னால.”

அம்மாவின் முகம் அப்படியே இளகியது. அன்றைக்கு முழுக்க அவள் கழுத்தில் புடைத்திருந்த நரம்பு அடங்கியதைப் பார்த்தேன். “அப்ப நாகம்தான்” என்றாள். “வேற ஒண்ணுமில்ல. நாகம்தான்.”

“எதுக்கும் டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிருவமே” என்றார் அப்பா.

“மொதல்ல பரிகாரம் முடியட்டும். சாமி குத்தத்துக்கு ஊசி போடவா போறிய?”

கல் ஒரு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது, பாம்பு உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அம்மா எனக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தாள். அடி விழும் என்று நினைத்து வந்தவளுக்குச் சோறு கிடைத்தது. விழுங்கிவிட்டேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் அம்மா கோவிலை நூற்றியெட்டுச் சுற்று சுற்றுவதாக நேர்ந்துகொண்டாள். பாம்பைக் கொன்றவள் என்பதால் நானும் சுற்ற வேண்டும். அண்ணன் நெற்றி முழுக்கப் புற்றுமண்ணோடு மண்டபத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அவனைத் தாண்டிப் போவோம். முப்பதாவது சுற்றோ நாற்பதாவதோ, அவன் கை சுண்டலோடு வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது. வாய் சும்மா மென்றது. அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொண்டே நடந்தாள். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்த சுற்றில் வந்து பார்க்கும்போது அவன் சுண்டல் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையாட்டினான். மிச்சச் சுற்று முழுக்க அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் திருப்பத்தில் சொல்லிவிடுவேன், அடுத்த திருப்பத்தில் சொல்லிவிடுவேன் என்று நடந்தேன்.

பெட்டி கடையநல்லூருக்குத் திரும்பிப் போனது. பெரிய வலிப்பு அதற்குப் பிறகு வரவில்லை. நாங்கள் பார்க்க வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் எழுந்தால் சில நாள் நாக்கு கடிபட்டிருக்கும், உடம்பு வலிக்கிறது என்பான். சாமி காப்பாற்றிவிட்டது என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். வளர்ந்த பிறகு அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண் வீட்டு ராயகிரிக்காரர்கள் மாப்பிள்ளைக்கு உடம்புக்கு எதுவும் உண்டா என்று கேட்டார்கள். “தலவலின்னு படுத்தது கெடையாது” என்றாள் அம்மா. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கு மதினியான அந்தப் பெண் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் இறந்தது மதினி வீட்டுக் கிணற்றில். சின்ன வயதிலிருந்து நீச்சல் தெரிந்தவன். விடுமுறைக்குப் போன இடத்தில் குளிக்க இறங்கியவன் ஏறி வரவில்லை. படியில் பாசி, கால் வழுக்கித் தலையில் அடிபட்டிருக்கும் என்றார்கள். மதினியின் அப்பா பதினாறாம் நாள் முடிந்த கையோடு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், அந்தப் படிகளை ஒவ்வொன்றாக உடைத்துக் கிணற்றுக்குள்ளேயே தள்ளினார். நான் மேலே நின்று பார்த்தேன். வயசானவர், வெயிலில், அழுதுகொண்டே இடித்தார். அது படியின் தப்பில்லை மாமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மதினி எங்களோடுதான் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவாள்: “நான்தான் சோறு ஆறுது, சட்டுனு குளிச்சுட்டு வாங்கன்னு வெரட்டுனேன். பாத்து எறங்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லல.” அம்மா அவள் முதுகைத் தடவுவாள். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன்.

அந்த விளையாட்டில் ஏன் இத்தனை வருடம் கழித்தும் இவ்வளவு பேர் கிடக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மற்றவர்களைப் பற்றித் தெரியாது. அதில் நாம் பட்டனை அமுக்குகிற வரைக்கும் எதிரி அடிக்க மாட்டான். பாம்பு வாயைத் திறந்தபடி நிற்கும். சாப்பிட்டுவிட்டு வரலாம், ஒரு வாரம் கழித்து வரலாம், அது அங்கேயே நிற்கும். பயந்தவர்களுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கிற இடம் வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை.

போன மாதம் அண்ணன் மகள் என் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். கை நின்றது. கண் திறந்திருந்தது. வாயில் ஒன்றும் இல்லை, மென்றாள். நான் எண்ணவில்லை. எண்ணுவதற்கே பயமாக இருந்தது. அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“அம்மா, அண்ணனுக்கும் இப்படித்தான்...”

“வாய மூடுட்டி. புள்ளைக்குத் தூக்கம் வருது” என்று எழுந்து போய்விட்டாள்.

மதினிக்கு வேறு சந்தேகம். கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாள், காது கேட்கவில்லையோ என்று காது டாக்டரிடம் கொண்டுபோனாள். காது சரியாக இருக்கிறது, திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் வருகிறேன் என்றேன். அம்மாவும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டாக்டர் அம்மா எங்கள் வயதுக்காரி மாதிரித்தான் இருந்தார். குழந்தையிடம் கொஞ்ச நேரம் விளையாடினார். பிறகு மதினியிடம் திரும்பினார்.

“குடும்பத்துல யாருக்காவது வலிப்பு இருந்திருக்கா? உங்க பக்கம், அவங்க அப்பா பக்கம்?”

“யாருக்கும் இல்ல டாக்டர்” என்றாள் மதினி. கொஞ்சமும் யோசிக்காமல், சத்தமாக, நம்பிக்கையோடு சொன்னாள். டாக்டர் பேனாவைத் தாளில் வைத்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். பேனா நகர ஆரம்பித்தது.

“உண்டு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “உண்டு டாக்டர். புள்ளையோட அப்பாவுக்கு. எங்க அண்ணனுக்கு.”

மதினி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“எந்த வயசுல இருந்து?” என்றார் டாக்டர்.

“பதிமூணு.”

“இல்ல” என்றாள் அம்மா. தலையைத் தூக்காமலே சொன்னாள். “ஏழு. ரெண்டாங்கிளாஸ் டீச்சர் என்னக் கூப்பிட்டு விட்டு, பிள்ளை அப்பப்ப அசையாம இருக்கான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொன்னாவ. வலிப்புக்காரன்னு பேரு விழுந்திரும்னு நான்தான் போகல. ஏழு வயசுன்னு எழுதுங்கம்மா.”

டாக்டர் எழுதினார். மதினி எழுந்து வந்து, என் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். எங்கள் ரெண்டு பேரையும் பார்க்கவில்லை.

“அப்ப அது படியில வழுக்கல” என்றாள்.